கேட்ட கேள்விக்குப் பதில்



இணையத்தில் நடக்கும் பொதுவிவாதத்தில் மக்கள் அமைப்புகளின் பங்கு என்பதுதான் எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இதைக் கேட்டதும், மக்கள் அமைப்புகளில் உழைக்கும் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். எங்கள் வேலை களத்தில் இருக்கிறது, செல்போனில் உட்கார்ந்து வாதாட எங்களுக்கு ஏது நேரம் என்று. நியாயமான கேள்வி. காலையில் ஆட்சியர் அலுவலகம், மதியம் மருத்துவமனை, மாலையில் குழுக் கூட்டம் என்று ஓடுகிறவர்கள் நீங்கள். உங்களைப் பார்த்து, போய் ஃபேஸ்புக்கில் எழுதுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. உங்கள் ஊர் ஏரியின் கரையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஆவணம் எங்கே வெளியாகிறது? இணையத்தில். அதற்கு மறுப்புச் சொல்ல எங்கே எழுத வேண்டும்? ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. கடைசித் தேதி எங்கே இருக்கிறது? அந்த ஆவணத்தின் முதல் பக்கத்தில். அந்தப் பக்கத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? நாம் பார்க்காத அந்தப் பக்கத்தை, நம் ஊர் மண்ணை மிதிக்காத ஆலோசனை நிறுவனம் பார்க்கிறது. தொழிற்சங்கம் பார்க்கிறதோ இல்லையோ, தொழிலதிபர்கள் சங்கம் பார்க்கிறது. அவர்கள் எழுதுகிறார்கள். நாம் எழுதவில்லை. பிறகு ஒருநாள் பொக்லைன் வந்து நிற்கும்போது ஓடிப்போய் மறிக்கிறோம்.

இணையத்தில் கூட்டம் சேர்ப்பது வேறு, விவாதத்தில் பங்கேற்பது வேறு. கேட்கப்பட்ட கேள்விக்கு, குறித்த நாளுக்குள், நம் ஊர் அனுபவத்தைச் சான்றாக வைத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் பதில் எழுதுவதற்குப் பெயர்தான் பங்கேற்பு. இந்த ஒன்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நடந்த நிகழ்ச்சிகளை வைத்தே சொல்கிறேன்.

2020ஆம் ஆண்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மார்ச் மாதம். நாடே ஊரடங்கில் அடைபடவிருந்த நேரம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020 என்று பெயர். சுருக்கமாக ஈ.ஐ.ஏ. 2020. ஏப்ரல் 11ஆம் தேதி அது அரசிதழில் வந்தது. 60 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். பேருந்து ஓடவில்லை. ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. கிராம சபை கூட்ட வழியில்லை. அந்த 60 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும்.

அந்த வரைவில் என்ன இருந்தது? ஒரு தொழிற்சாலையோ சுரங்கமோ துறைமுகமோ வருவதற்கு முன்னால் அதனால் என்ன பாதிப்பு வரும் என்று ஆராய்ந்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, அதன்பிறகே அனுமதி தர வேண்டும் என்பது 1990களிலிருந்து இந்த நாட்டில் இருந்துவரும் முறை. 2006 அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். 2020 வரைவு அதை 20 நாளாக்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய கண்காணிப்பு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றது. அனுமதி வாங்காமலே வேலையைத் தொடங்கிவிட்டவர்களும் பின்னால் வந்து விண்ணப்பித்து, அபராதம் கட்டி அனுமதி பெற வழி செய்தது. அப்படி விதி மீறியவர்களைப் பற்றி யார் புகார் சொல்லலாம்? அந்த நிறுவனமே தன்னைப் பற்றிச் சொல்லலாம், அரசு அதிகாரிகள் சொல்லலாம், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது தெரியவந்தால் குழு சொல்லலாம். மக்கள்? அந்தப் பட்டியலில் மக்கள் இல்லை.

நண்பர்களே, பக்கத்து வயலில் சாம்பல் கொட்டுகிறது என்பதை முதலில் பார்ப்பவர் யார்? கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்பதை முதலில் அறிபவர் யார்? தண்ணீர் இறைக்கும் பெண். மாடு மேய்க்கும் பெரியவர். அவர்கள் பெயரைத்தான் அந்தப் பட்டியலில் விட்டுவிட்டார்கள்.

அந்த மே மாதம் 7ஆம் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் வாயு கசிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடியபடியே விழுந்ததை நாமெல்லாம் செல்போனில் பார்த்தோம். உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே அந்த ஆலை ஆண்டுக்கணக்கில் இயங்கியது பின்னர் தெரியவந்தது. வேலையைத் தொடங்கிய பிறகு வாங்கும் அனுமதிக்குப் பின்னேற்பு அனுமதி என்று பெயர். தாளில் படித்தால் அது ஒரு சட்டச் சொல். விசாகப்பட்டினத்துக்குப் பிறகு அது என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது.

அப்போதுதான் இணையம் விழித்தது. கல்லூரி மாணவர்கள் அந்த நீண்ட வரைவைப் பிரித்துப் பிரித்துப் படித்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் பழைய விதியை வைத்து ஒப்பிட்டு எழுதினார்கள். தமிழ்நாட்டில் பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழல் அமைப்புகள் அதைத் தமிழில் விளக்கின. ஜூலை மாதக் கடைசியில் நடிகர் கார்த்தி அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார், சூர்யா அதை ஆதரித்தார். அதுவரை சூழலியல் ஆர்வலர்களின் வட்டத்துக்குள் இருந்த பேச்சு, டீக்கடைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கம் நீதிமன்றத்தில் ஒரு வேலை நடந்தது. விக்ராந்த் தோங்கட் என்ற சூழலியல் ஆர்வலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுவிட்டு நாடு முழுவதும் கருத்துக் கேட்பது எப்படி நியாயம் என்று கேட்டார். ஜூன் 30ஆம் தேதி நீதிமன்றம் உத்தரவிட்டது: அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும், கருத்துச் சொல்லக் கடைசி நாள் ஆகஸ்ட் 11. அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பை வெளியிடுவதற்குப் பதிலாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் அந்த மனுவை ஏற்காமல், உயர் நீதிமன்றத்தையே அணுகச் சொன்னது. ஆனால் அதற்குள் ஆகஸ்ட் 11 கடந்துபோயிருந்தது.

அந்தத் தேதிக்குள் அமைச்சகத்துக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் 17 லட்சம் அளவில் என்று செய்திகள் வந்தன. ஊரடங்குக்குள் இருந்த ஒரு நாட்டில், ஒரு வரைவு அறிவிக்கைக்கு, 17 லட்சம்! அந்த வரைவு அந்த வடிவத்தில் இன்றுவரை இறுதி அறிவிக்கை ஆகவில்லை. அந்தப் பங்கேற்பை நான் தலைவணங்கிப் பாராட்டுகிறேன்.

ஆனால் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். 17 லட்சம் கடிதம் வந்ததால் 17 லட்சம் மடங்கு பலம் வந்துவிட்டதா? எண்ணிக்கைதான் பலமா?

இதற்குப் பதில் சொல்ல இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். 2015ஆம் ஆண்டு. டிராய் என்று நாம் சொல்லும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மார்ச் 27 அன்று ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம். கடைசியில் 20 கேள்வி. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டுமா, ஒரு இணையதளத்துக்கு ஒரு கட்டணம் இன்னொன்றுக்கு வேறு கட்டணம் என்று நிறுவனங்கள் வாங்கலாமா என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து அந்த 118 பக்கத்தை எளிமையாகச் சுருக்கினார்கள். 20 கேள்விக்கும் மாதிரிப் பதில் எழுதினார்கள். உங்களுக்குச் சரியென்று பட்டால் அனுப்புங்கள், திருத்த வேண்டுமென்றால் திருத்தி அனுப்புங்கள் என்று இணையத்தில் வைத்தார்கள். சில வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் டிராய் இன்னோர் அறிக்கை வெளியிட்டது. இதில் நான்கே கேள்வி. வேறுபட்ட கட்டணம் சரியா என்பதுதான் சாரம். அப்போது ஃபேஸ்புக் நிறுவனம் ஃப்ரீ பேசிக்ஸ் என்ற திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வாடிக்கையாளர்களுக்குக் குறிப்பிட்ட சில தளங்கள் மட்டும் இலவசம். தொடங்கிய சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் அது கிடைத்தது. நம் பிள்ளைகள் பலர் இணையம் என்றால் அந்தச் சில தளங்கள்தான் என்று எண்ணிவிடக்கூடிய ஏற்பாடு.

அந்தத் திட்டத்தைக் காப்பாற்ற ஃபேஸ்புக் என்ன செய்தது? நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தந்தது. தன் பயனாளிகள் ஃபேஸ்புக்கைத் திறந்தவுடன் ஒரு பொத்தானைக் காட்டியது. அழுத்தினால் ஆதரவுக் கடிதம் தானாகவே டிராய்க்குப் போய்விடும். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. முதல் சுற்றில் தன்னார்வலர்கள் அனுப்ப வைத்ததைவிட அதிகமாகவே குவிந்தன.

டிராய் என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இவை பதிலே இல்லை என்றது. நான்கு கேள்வி கேட்டோம், அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல், இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறேன் என்று மட்டும் எழுதினால் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டது. கேள்விகளுக்குப் பதில் அனுப்பும்படி உங்கள் பயனாளிகளிடம் சொல்லுங்கள் என்று ஃபேஸ்புக்குக்கே எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, வேறுபட்ட கட்டணம் கூடாது என்று டிராய் விதி கொண்டுவந்தது. சில நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து விலகிக்கொண்டது.

உலகத்தின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்று. எண்ண முடியாத பணம். கோடிக்கணக்கான பயனாளிகள். லட்சக்கணக்கான கடிதங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னால் அவை எடைபோடப்பட்டபோது எடையில்லாமல் போயின. ஏன்? கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

மாதிரிக் கடிதம் வைத்து அனுப்புவது தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். முதல் சுற்றில் போனவையும் பெரும்பாலும் மாதிரிக் கடிதங்கள்தான். ஆனால் அந்த மாதிரி 20 கேள்விக்கும் பதில் சொன்னது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இப்போது நம்மிடம் வருவோம். நம் அமைப்புகள் அனுப்பும் கடிதம் எப்படி இருக்கிறது? எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய இரண்டு கடிதங்களை வாசிக்கிறேன். ஈ.ஐ.ஏ. வரைவுக்கு ஒரு கடற்கரை ஊர்ச் சங்கம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடிதம் இது: "மக்கள் விரோத வரைவை வன்மையாகக் கண்டிக்கிறோம். உடனடியாகத் திரும்பப் பெறாவிட்டால் மாபெரும் போராட்டம் வெடிக்கும்."

இரண்டாவது கடிதம் இது: "கருத்துக்கேட்புக்கான அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கும் பிரிவை எதிர்க்கிறோம். காரணம் வருமாறு. திட்ட அறிக்கை வைக்கப்படும் ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரிலிருந்து 60 கிலோமீட்டர். போய்வர ஒருநாள் கூலி போகும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், சுருக்கம்தான் தமிழில் இருக்கும். எங்கள் விசைப்படகுகளில் போகிறவர்கள் ஒரு வாரம் பத்து நாள் கழித்தே கரைக்கு வருவார்கள். ஊர்க்கூட்டம் அவர்கள் வந்த பிறகுதான் கூட முடியும். 20 நாளில் அறிக்கையை வாங்கி, படித்தவர் ஒருவரைக் கொண்டு விளங்கிக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுக்க வழியில்லை. ஆகவே 30 நாளையே 45 நாளாக உயர்த்த வேண்டும், முழு அறிக்கையும் தமிழில் வேண்டும்."

முதல் கடிதத்தில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அமைச்சகத்தில் அதைப் படிக்கிறவர் "எதிர்ப்பு" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார். இரண்டாவது கடிதத்தை அப்படித் தாண்டிப் போக முடியாது. நாளை இந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், இந்தக் காரணத்தை ஏன் பரிசீலிக்கவில்லை என்று நீதிபதி கேட்பார். ஒரு பத்திரிகையாளர் படித்தால் அந்த ஊருக்குப் புறப்படுவார். அந்த இரண்டாவது கடிதத்தில் இருக்கும் எந்தச் செய்தியும் எந்த ஆலோசனை நிறுவனத்திடமும் இல்லை. கடற்கரையில் இருக்கிறவர்களிடம்தான் இருக்கிறது.

கடற்கரை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் என்று அரசு வெளியிடுகிறது. மீனவர் குடியிருப்பு, படகு நிறுத்தும் இடம், வலை காய வைக்கும் இடம், மீன் உலர்த்தும் களம், ஐஸ் ஆலை எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011 அறிவிக்கையே சொன்னது. தமிழ்நாட்டில் வெளியான வரைவு வரைபடங்களைப் பார்த்து மீனவர்கள் பல ஊர்களில் என்ன சொன்னார்கள்? எங்கள் ஊரையே காணோம் என்றார்கள். 2023இல் சென்னையில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இதே குரல்தான். வரைபடத்தில் இல்லாத ஊருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு எப்படி வரும்?

எண்ணூரை நினைத்துப் பாருங்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் இருந்த முகத்துவார நீர்ப்பரப்பு, பின்னால் பயன்படுத்தப்பட்ட வரைபடத்தில் காணாமல் போயிருக்கிறது என்று மீனவர்களும் ஆர்வலர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக ஆவணம் வாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகியின் வரிகளைச் சென்னைத் தமிழிலேயே பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' இணையத்தில் வெளிவந்தது. பாட்டு லட்சக்கணக்கானவரை எண்ணூரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. திரும்பிப் பார்த்தவர்கள் கேட்டபோது காட்டுவதற்கு வரைபடம் இருந்தது. பாட்டும் வேண்டும், வரைபடமும் வேண்டும். பாட்டு மட்டும் இருந்தால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் சங்கத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு மூத்த மீனவர் இருக்கிறார். கரையிலிருந்து எத்தனை தூரத்தில் கடலடியில் எந்தப் பார் இருக்கிறது, எந்த மாதத்தில் அங்கே எந்த மீன் படும் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல ஒரு பெண்பிள்ளை செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டால் அது ஒரு வரைபடம். அந்த வரைபடம் ஒரு மின்னஞ்சலோடு போனால் அது ஓர் ஆட்சேபணை. அந்த ஆட்சேபணை இணையத்திலும் வெளியானால் பக்கத்து ஊரும் தன் வரைபடத்தைத் தேட ஆரம்பிக்கும். பொதுவிவாதம் என்றால் இப்படித்தான் பிறக்க வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது? தயங்காமல் தமிழில் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் நான்காவது பிரிவு, அரசு வெளியிடும் தகவல்கள் உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு ஏற்ற வழிமுறையையும் கருத்தில் கொண்டு பரப்பப்பட வேண்டும் என்று சொல்கிறது. முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான உண்மைகளை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. 2014இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு தர வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும் என்பது அந்தக் கொள்கை. சட்டத்தின் கட்டாயம் அதற்கு இல்லை, அதனால் பல துறைகள் பின்பற்றுவதும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தியில் அந்தக் கொள்கையை நினைவுபடுத்துங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் தருகிறவர் இருப்பார்.

இன்னொரு கடமையும் நமக்கு இருக்கிறது. நாம் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். ஈ.ஐ.ஏ. விவாதத்தின்போது எனக்கு வந்த ஃபார்வர்டுகளில், வரைவைச் சட்டம் என்றே சொன்னவை உண்டு. எந்த ஊர் என்றே தெரியாத படத்தைப் போட்டு நம் ஊர் என்று சொன்னவை உண்டு. நல்ல எண்ணத்தோடு அனுப்பியவைதான். ஆனால் எதிர்த்தரப்பு அந்த ஒரு படத்தைக் காட்டித்தான் மற்ற எல்லா ஆட்சேபணைகளையும் தள்ளிவிடப் பார்க்கும். இருபது ஆண்டு களத்தில் நின்று ஓர் அமைப்பு சேர்த்த நற்பெயர் ஒரு பொய்ப் படத்தால் போய்விடக் கூடாது. பெரிய பயிற்சி எதுவும் இதற்கு வேண்டாம். அமைப்பின் பெயரில் எது வெளியே போனாலும் இரண்டு பேர் மூல ஆவணத்தைத் திறந்து பார்த்த பிறகே போக வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போதும்.

அச்சத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய மனதில் அது இருக்கிறது.

2020 ஜூலையில் ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர் இந்தியா என்ற இளைஞர் அமைப்பின் இணையதளம் முடக்கப்பட்டது. என்ன குற்றம்? ஈ.ஐ.ஏ. 2020 என்ற தலைப்பில் அமைச்சருக்கு ஏராளமாக மின்னஞ்சல்கள் வருகின்றன என்று புகார். டெல்லி காவல்துறை அனுப்பிய அறிவிப்பில் ஊபா சட்டத்தின் பிரிவு இருந்தது. பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டம்! அரசே கருத்துக் கேட்டு, அரசே முகவரி கொடுத்து, அந்தக் கருத்தை அனுப்பச் சொன்ன பிள்ளைகள் மீது அந்தச் சட்டம். பிறகு அது தவறுதலாகப் போய்விட்டது என்று சொல்லித் திரும்பப் பெற்றார்கள். தளமும் திரும்ப வந்தது. லெட் இந்தியா ப்ரீத் போன்ற வேறு சில தளங்களும் அந்த நாட்களில் முடங்கின. அந்தப் பிள்ளைகள் பின்வாங்கவில்லை. வழக்கறிஞர்கள் அவர்களுக்குத் துணைநின்றார்கள். கருத்துச் சொன்னதற்காகக் கைதுசெய்ய வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே, ஸ்ரேயா சிங்கால் வழக்கில், செல்லாது என்று தீர்த்துவிட்டதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர் காவல் நிலையத்துக்கும் நினைவுபடுத்த வேண்டும்.

ஆகவே தனியாளாக எழுதாதீர்கள், அமைப்பாக எழுதுங்கள். தீர்மானம் போட்டு எழுதுங்கள். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி எண் எல்லோருடைய கையிலும் இருக்கட்டும்.

மின்னஞ்சல் முகவரி பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் டிராய்க்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை அந்த ஆணையம் அப்படியே இணையத்தில் ஏற்றியது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு சேர்த்து. பெயரும் முகவரியும் ஊர் பார்க்கக் கிடந்தன. ஆகவே கருத்து அனுப்ப அமைப்புக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்துக்குள் தனிநபரின் வீட்டு முகவரி, ஆதார் எண், செல்போன் எண் எதையும் எழுதாதீர்கள். குறிப்பாக நம் பெண்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுகிற பெண்ணுக்கு இணையத்தில் என்ன பேச்சு வருகிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் படத்தை எடுத்து, அவள் குடும்பத்தை இழுத்து, அவள் சாதியைச் சொல்லி எழுதுகிறார்கள். அப்படி வரும்போது அவளே உட்கார்ந்து படித்துப் பதில் சொல்லும்படி விடாதீர்கள். அமைப்பிலிருந்து இன்னொருவர் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும், சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் எழுத வேண்டும், தேவைப்பட்டால் கருத்துப் பகுதியை மூடிவைக்க வேண்டும். ஆனால் அவள் சொன்ன கருத்து அங்கேயே இருக்க வேண்டும். அது மறைந்தால் அவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்று ஆகும்.

எதிர்க்கருத்துக்காரர் எல்லோரும் இழிசொல் பேசுகிறவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தொழிற்சாலை வந்தால் என் பையனுக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு தகப்பன் எழுதினால், அவர் நம் எதிரி இல்லை, நம் ஊர்க்காரர். எத்தனை வேலை, எந்த ஊர்க்காரருக்கு, எத்தனை ஆண்டு, ஒப்பந்தமா நிரந்தரமா என்று அவரையும் சேர்த்துக்கொண்டு நிறுவனத்திடம் கேளுங்கள். திட்ட அறிக்கையிலேயே வேலைவாய்ப்புப் பகுதி இருக்கும். அதைத் திறந்து இருவரும் சேர்ந்து படிக்கலாம்.

அனுப்பியதோடு வேலை முடிந்துவிடுமா? முடியாது. வந்த கருத்துகள் எத்தனை, அவற்றை யார் படித்தார்கள், எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்று தகவல் உரிமை மனு போடுங்கள். ஒரு வாசல் மூடப்பட்டால் விஷயம் இன்னொரு வாசல் வழியாக வரும் என்பதற்கு ஈ.ஐ.ஏ.வே சான்று. 2020 வரைவு நின்றது. ஆனால் விதி மீறியவர்களுக்குப் பின்னேற்பு அனுமதி தரும் நடைமுறையை 2021 ஜூலையில் ஓர் அலுவலகக் குறிப்பாணை வழியாகக் கொண்டுவந்தார்கள். 17 லட்சம் கடிதங்கள் போன ஆவணம் ஒன்று, ஒருசிலரே பார்த்த குறிப்பாணை இன்னொன்று. வனசக்தி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குறிப்பாணையையும், அதற்கு வழிவகுத்த 2017 அறிவிக்கையையும் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, மூன்று நீதிபதிகளில் இருவர் பெரும்பான்மையாக அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள், ஒருவர் மாறுபட்டார். விவாதம் முடியவில்லை, நண்பர்களே. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு அமைப்பிலும் ஒருவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம், அவர் நான்கைந்து இடங்களைத் திறந்து பார்க்க வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தளம், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளம், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தளம், உங்கள் மாவட்டத்தின் தளம், அரசிதழ். புதிதாக வரைவு வந்திருந்தால் மூன்று செய்தியைக் குழுவுக்குச் சொல்ல வேண்டும்: என்ன கேட்கிறார்கள், கடைசி நாள் எது, எங்கே அனுப்ப வேண்டும். தட்டச்சு தெரிந்த கல்லூரிப் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பெருமையாகச் செய்வாள்.

இன்று உணவு இடைவேளைக்குப் பிறகு நாம் அதைச் செய்தே பார்க்கப்போகிறோம். பக்கத்து அறையில் மேசைகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு மேசைக்கு ஐந்தாறு பேர் உட்காருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் இருந்தால் நல்லது. ஈ.ஐ.ஏ. 2020 வரைவின் கருத்துக்கேட்புப் பகுதியும், 2006 அறிவிக்கையில் அதே பகுதியும், இரண்டும் தமிழில் ஒவ்வொரு மேசையிலும் வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். மாறியிருக்கும் ஒரே ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ஊரில், உங்கள் தெருவில் என்ன செய்யும் என்று பத்து வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். நான்கு மணிக்கு ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒருவர் இந்த மேடைக்கு வந்து வாசிக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து நான் கேட்கப்போகிறேன்.